கூடாரம் போடும் இடமும் ஆமை முட்டையிடும் இடமும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலாக்காக் கரையோரத்தில் கூடாரங்கள் முளைத்துவிடும். உம்பாய்ப் பக்கம் உள்ள அஞ்சுங் பத்து படகுத்துறையிலிருந்து பாய், பானை, அரிசி மூட்டையோடு குடும்பங்கள் புலாவ் பெசார் தீவுக்குப் படகேறும். நகருக்கு வடமேற்கே தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் கரைகளிலும் இதே காட்சிதான். ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கடற்கரை என்பது செலவில்லாத சுற்றுலா. ஒரு கூடாரமும் ஒரு சட்டியும் இருந்தால் போதும். மின்விசிறி இல்லை, தொலைக்காட்சி இல்லை. அலைச் சத்தம் மட்டும் உண்டு.

சரி, கரைக்கு வந்துவிட்டீர்கள். கூடாரத்தை எங்கே போடுவீர்கள்?

அலை ஏறி வராத மேடான இடமாகப் பார்ப்பீர்கள். ஈரமில்லாத மணல் வேண்டும். முதுகில் குத்தும் கல் இருக்கக் கூடாது. காலை வெயில் நேராக விழாதபடி மர நிழல் வேண்டும். ஆள் நடமாட்டம் குறைவாகவும் கடல் பக்கத்திலும் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த ஐந்து நிபந்தனைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு உயிரும் இடம் தேடுகிறது. அதுதான் அழுங்காமை. மலாய் மொழியில் பென்யு காரா அல்லது பென்யு சீசேக் என்பார்கள். இரவில் கரையேறி, உயர் அலைக் கோட்டைத் தாண்டி, மரமும் கொடியும் தொடங்கும் இடத்தில் மணலைத் தோண்டி முட்டையிடும் கடலாமை இது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் மிக அதிகமாக முட்டையிடும் மாநிலம் திரங்கானுவும் அல்ல, பகாங்கும் அல்ல, நம் மலாக்காதான்.

உங்கள் கூடாரமும் ஆமையும் ஒரே இடத்தைத் தேடுவது தற்செயல் அல்ல. அந்த இடத்தின் மணலுக்கு என்ன சிறப்பு என்று தெரிந்துகொண்டால், ஆமையையும் விரட்டாமல் நீங்களும் சுகமாக ஓர் இரவு தங்கிவிடலாம்.

கரை ஒரு படிக்கட்டு

அலையோரத்தில் நின்று கரையைப் பாருங்கள். முதலில் ஈர மணல். அதன் மேல் பாசி, சுள்ளி, சிப்பி, பிளாஸ்டிக் புட்டி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாக வந்த உயர் அலை எதுவரை ஏறியது என்று கடலே போட்டுக் காட்டிய கோடு அது. சில நாள்களில் இரண்டு மூன்று கோடுகள் தெரியும். எல்லாவற்றிலும் மேலே இருப்பதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். மாலை 6 மணிக்குக் கடல் அடங்கிக் கிடந்தால், நள்ளிரவு தாண்டியதும் அது முழுதாக ஏறியிருக்கும் என்று பொருள். மாலையில் வந்து இடம் பிடித்தவர் நடு இரவில் பாயைச் சுருட்டுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியன், சந்திரன் இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றம் இன்னும் கூடும்.

அந்தக் கோட்டுக்கு மேலே காய்ந்த மணல். அதில் முதலில் கால் ஊன்றும் செடி அடும்பு. குதிரைக் குளம்பு போன்ற இலை இருப்பதால் மலாய்க்காரர்கள் இதைத் தாப்பாக் கூடா என்கிறார்கள். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் பாடிய அதே கொடிதான். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதால் மணல் மூடினாலும் சாகாது; மேலே மேலே படர்ந்து, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து நிறுத்திவிடும். அடும்பு மணலைக் கட்டிய பிறகு தாழை வரும். அதற்கும் பின்னால் சவுக்கு, நாட்டு வாதுமை, புன்னை போன்ற மரங்கள் எழும். சவுக்கின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், உரமே இல்லாத மணலிலும் அது வளர்கிறது.

இப்படி ஒரு செடிக்கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு இடம் தயார் செய்வதை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் ஹென்றி கௌல்ஸ். அவர் ஆராய்ந்தது கடற்கரையை அல்ல, ஏரிக்கரையை. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியை ஒட்டிய மணற்குன்றுகளில் நடந்து பார்த்து 1899இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஏரியை விட்டு உள்ளே நடக்க நடக்க மணலும் பழையதாகிறது, காடும் முதிர்கிறது என்று அவர் காட்டினார். முதலில் புல், பிறகு புதர், பிறகு பைன், கடைசியில் ஓக். சில நூறு அடி நடந்தால் பல நூறு ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

மிச்சிகன் ஏரிக்கரையில் சில மணற்குன்றுகள் ஏரி மட்டத்துக்கு மேல் 100 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. அகன்ற ஏரியைக் கடந்து வரும் பலத்த காற்று காய்ந்த மணலை வாரி இறைப்பதே காரணம். நம் பக்கம் நிலைமை வேறு. எதிரே சுமாத்ரா மறித்து நிற்பதால் பெரிய அலை வருவதில்லை. அடிக்கடி பெய்யும் மழை மணலை நனைத்து எடைபோட்டுவிடுகிறது. ஈர மணலைக் காற்று தூக்காது. வடகிழக்குப் பருவக்காற்று நேராக மோதும் கிளந்தான், திரங்கானு கரைகளில் நீண்ட மணல் வரப்புகள் உண்டு. மலாக்காவில் அந்த மேடு பெரும்பாலும் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம்.

மேடு சிறியது என்பதால் அதன் வேலை சிறியதல்ல. பெரிய குன்றை நூறு பேர் மிதித்தாலும் தாங்கும். முழங்கால் உயர மேட்டில் அடும்பை அறுத்துக் கூடாரம் போட்டு, பத்துப் பேர் ஒரே வழியாகக் கடலுக்கு ஏறி இறங்கினால் அங்கே ஒரு வாய்க்கால் விழும். அடுத்த பெரிய ஏற்றத்தில் கடல் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

முட்டைக்கு அடியில் ஒரு வெப்பமானி

இனி ஆமையிடம் வருவோம். மஸ்ஜித் தானா அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. மலாக்காக் கரைகளிலும் நகருக்கு எதிரே உள்ள புலாவ் உப்பே தீவிலும் அழுங்காமைகள் முட்டையிடுவது பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. ஆண்டின் நடுப்பகுதியில், குறிப்பாக மே முதல் ஆகஸ்டு வரை, அவை அதிகமாகக் கரையேறும். ஆண்டு நடுப் பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் வருகிறது.

ஓர் ஆமை ஒரு தடவையில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். பிங்பாங் பந்து அளவு முட்டைகள். ஏறக்குறைய ஒரு முழ ஆழத்தில் குழி. மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும் தாய் இந்தக் குழியை மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. அடைகாப்பது மணலின் பொறுப்பு. சுமார் இரண்டு மாதம் அந்த மணல் சூட்டையும் ஈரத்தையும் காற்றையும் அளவோடு தந்தாக வேண்டும்.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் மணல்தான். நமக்கு இதைக் குரோமோசோம் தீர்மானிக்கிறது. கடலாமைக்குத் தீர்மானிப்பது வெப்பநிலை. மணல் சுமார் 29 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போகப் போக ஆண் குஞ்சுகள் கூடும். மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். மிகவும் சூடேறினால் முட்டையே வெந்துபோகும்.

நண்பகலில் ரப்பர் மரங்களுக்கு அடியில் நடந்தவருக்கு நிழல் மண்ணும் வெட்டவெளி மண்ணும் எவ்வளவு வேறு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கரையிலும் அதே கதைதான். வாதுமை நிழலில் உள்ள குழியிலும் திறந்த வெளியில் உள்ள குழியிலும் ஒரே தாயின் முட்டைகள் இருந்தாலும், பிறக்கும் குஞ்சுகளின் ஆண் பெண் கணக்கு மாறிவிடும். கரையோர மரத்தை விறகுக்காகவோ, 'கடல் தெரியட்டும்' என்றோ வெட்டுகிறவர், தமக்குத் தெரியாமலே அந்தக் கணக்கில் கை வைக்கிறார்.

திரங்கானுவின் ரந்தாவ் அபாங் இதற்கு ஒரு கசப்பான பாடம். 1950களில் அங்கே தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்கு 10,000 குழிகளுக்கு மேல் முட்டையிட்டன. சுற்றுப்பயணிகள் திரண்டு வந்து அவற்றைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். முட்டைகள் பல பத்தாண்டுகள் வாரி எடுக்கப்பட்டன. வலையில் சிக்கியும் ஆமைகள் மடிந்தன. பொரிப்பகங்கள் தொடங்கப்பட்டன; ஆனால், அங்கே மணல் சூடாக இருந்ததால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2000களில் சில ஆண்டுகளில் குழிகளை விரல்விட்டு எண்ண முடிந்தது.

இந்த வீழ்ச்சி ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? கடலாமை மெதுவாக வளரும் உயிர். அழுங்காமை பருவமடைய 20 முதல் 30 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று குஞ்சு பிறக்காமல் போனால் அதன் விளைவு இன்று தெரியாது. பழைய தாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தத் தலைமுறை முடியும்போதுதான் பின்னால் யாரும் வரவில்லை என்பது புரியும்.

உங்கள் விளக்கும் அதன் திசைகாட்டியும்

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். மேல்மணல் குளிர்ந்ததும் 'வெயில் போய்விட்டது' என்று அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே வந்ததும் கடலை எப்படிக் கண்டுபிடிக்கும்? எந்தப் பக்கம் அடிவானம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது கடலின் பக்கம்தான். மரங்கள் நிற்கும் நிலப் பக்கம் உயரமாக, இருட்டாக இருக்கும்.

இப்போது நிலப் பக்கத்தில் ஒரு மின்கல விளக்கு தொங்குகிறது. ஒரு கூடாரம் உள்ளிருந்து வெள்ளையாக ஒளிர்கிறது. குஞ்சு திரும்பி அதை நோக்கி நடக்கும். விடியும்வரை சுற்றிச் சுற்றி வலுவிழந்து, நண்டுக்கோ காகத்துக்கோ இரையாகும். இல்லாவிட்டால் வெயிலில் காயும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்றுக்கும் நாம் குறுக்கே நிற்கிறோம்.

முட்டையிட வரும் தாய்க்கும் இதே தொல்லைதான். வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இருந்தால் பாதி வழியில் திரும்பிவிடும். சில நேரம் குழி தோண்டத் தொடங்கிய பிறகும் விட்டுவிட்டுப் போய்விடும்.

ஒளியிலும் வேறுபாடு உண்டு. வெள்ளை, நீல ஒளியை ஆமைகள் நன்றாக உணரும். சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். அதனால்தான் ஆமைக் கரைகளில் வேலை செய்பவர்கள் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் டார்ச் லைட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது. உங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. வெள்ளை ஒளியைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். சிவப்பு ஒளியில் அந்தப் பழக்கம் கெடாது, நட்சத்திரங்கள் தெரியும்.

மணலுக்குள் நெருப்பு, மணலுக்குள் நீர்

சமைத்து முடித்ததும் நெருப்பை எப்படி அணைக்கிறீர்கள்? பலர் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள காற்று சூட்டை வெளியே விடாமல் காக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். உள்ளே தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். விடிகாலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது. அடியில் முட்டைக் குழி இருந்தால் அதற்கும் கதி இல்லை. தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். அடுப்பு கொண்டுபோவது இன்னும் மேல்.

கரையில் ஒதுங்கிய கட்டையை விறகாக்குவதையும் தவிருங்கள். உப்பேறிய கட்டை எரியும்போது குளோரின் கலந்த நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. அந்தப் புகையில் மீன் வாட்டுவது நல்லதல்ல.

மணல் காக்கும் இன்னொரு பொருள் குடிநீர். சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, புலாவ் பெசாரில் நன்னீர்க் கிணறுகள் இருப்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை. கரையோரக் கிணற்றில் நல்ல நீர் கிடைப்பதற்கு எளிய விளக்கம் உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5 விழுக்காடு கனமானது. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்க முடியும் என்பது கிபன் - ஹெர்ஸ்பெர்க் விதி. இதைத் திருப்பியும் படிக்க வேண்டும்: மேலே ஒரு சாண் இறைத்தால், அடியில் உப்புநீர் நாற்பது சாண் மேலேறத் தொடங்கும். மேலும், மணல் எதையும் வேகமாக உள்ளே விடும். லயத்துக் கிணற்றடியில் சோப்பு போட விடாத பாட்டிகள் இந்த அறிவியலைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கழுவும் நீரைக் கிணற்றிலிருந்து 60 மீட்டராவது, அதாவது எழுபது தப்படியாவது, தள்ளிக் கொண்டுபோய் ஊற்றுங்கள்.

விடியுமுன் வரும் சூறை

ஆமைக் காலத்துக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமாத்ராப் பக்கம் உருவாகும் இடிமேகக் கூட்டம் வரிசையாக நீரிணையைக் கடந்து வரும். வானிலையாளர்கள் இதைச் 'சுமாத்ரா' என்றே அழைக்கிறார்கள். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசலாம். தளர்ந்த மணலில் அடித்த மெல்லிய ஆணி இதற்கு நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைப்பார்கள் அனுபவசாலிகள். அதையும் மரங்களுக்குப் பின்னால் செய்யுங்கள். கடல் பக்க மேட்டில் தோண்டாதீர்கள். அங்கே உங்கள் காலுக்கடியில் முட்டைகள் இருக்கலாம். மரங்களுக்குப் பின்னால் காற்றின் வேகமும் குறையும். ஆனால், காய்ந்த கிளைக்கும் தேங்காய்க்கும் நேர் கீழே படுக்காதீர்கள். மேற்கே மின்னல் தொடங்கிவிட்டால் கூடாரத்தை நம்பாமல் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள்.

பகிர்ந்துகொள்ள முடியுமா?

'அப்படியானால் யாருமே கரையில் தங்கக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். மிச்சிகன் ஏரிக்கரையில் இதற்கு விடை இருக்கிறது. அங்குள்ள ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுப் பகுதியில் மின் இணைப்பில்லாத, குழிக் கழிப்பறை மட்டுமே உள்ள எளிய பொது முகாம்கள் உண்டு. கோடையில் அவை நிரம்பி வழியும். அதே கரையில்தான் பைப்பிங் பிளோவர் என்ற சிறிய உப்புக்கொத்திப் பறவை மணலில் முட்டையிடுகிறது. பேரேரிப் பகுதியில் 1980களின் நடுவில் 17 இணைகளே எஞ்சியிருந்தன. முகாம்களை மூடவில்லை. கூடு உள்ள இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், நாய்களைக் கட்டிப்போடச் சொன்னார்கள், தன்னார்வலர்கள் காவல் நின்றார்கள். இப்போது 70 இணைகளுக்கு மேல் இருக்கின்றன.

நமக்கு இடம் அதைவிடக் குறுகல். ஆ ஃபமோசா கோட்டை ஒரு காலத்தில் கடலோரத்தில் நின்றது. இன்று அதற்கும் கடலுக்கும் நடுவே மலாக்கா ராயா கடைவீதிகள் நிற்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் நகரம் வளர்ந்தது. இயற்கையான மணற்கரை சுருங்கியது. எஞ்சிய கரையில்தான் நீங்களும் ஆமையும் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

புறப்படுமுன் நினைவில் வையுங்கள்:

• அந்தக் கரையில் இரவு தங்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• அடும்புக்கும் முதல் மர வரிசைக்கும் பின்னால் கூடாரம் போடுங்கள். கடலுக்குப் போக ஏற்கெனவே உள்ள ஒரே வழியைப் பயன்படுத்துங்கள்.

• இரவில் சிவப்பு விளக்கு மட்டும். அதையும் கடற்கரைப் பக்கம் திருப்ப வேண்டாம்.

• பிள்ளைகள் பகலில் தோண்டிய குழிகளை மாலையில் மூடிவிடச் சொல்லுங்கள். குஞ்சுக்கு அது கிணறு, தாய்க்குப் பொறி.

• ஆமையைக் கண்டால் அசையாமல், பின்னால் தள்ளி நில்லுங்கள். படம் எடுக்க மின்வெட்டு ஒளி வேண்டாம். முட்டையைத் தொட வேண்டாம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் புரட்டினால் இறந்துவிடும். மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

• யாராவது ஆமை முட்டை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கூடாரத்தை இருபது அடி பின்னால் போடுவதும் விளக்கை அணைப்பதும்தான். இந்த ஆண்டு பொரிந்து கடலுக்குப் போகும் ஒரு பெண் குஞ்சு முட்டையிடத் திரும்பி வரும்போது, இன்று உங்களோடு கூடாரத்தில் படுத்திருக்கும் பிள்ளை தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு அதே கரைக்கு வந்திருப்பான். இருவருக்கும் அப்போது மணல் இருக்க வேண்டும்.